வேன் டிரைவருக்கும் ஒரு நாற்காலி

எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னைக்கு எப்படியாவது எழுதிடணும்னு உக்காந்துட்டேன். பதிவு கொஞ்சம் நீளம், அதுலயும் வரலாறு. வரலாறுன்னதும் சோழர் பரம்பரைன்னு நினைச்சு ஓடி வந்தவங்க மன்னிக்கணும். இது வயசானவங்களுக்கான ஒரு மருத்துவத் திட்டத்தோட கதை. முதல்லயே சொல்லிட்டேன், அப்புறம் திட்டக்கூடாது :-)

நான் பொட்டி தட்டுற ஊர் சான் ஃபிரான்சிஸ்கோ. கீழ் வீட்டுல ஒரு சீனத் தாத்தா இருக்கார். எண்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். பாட்டி தவறிட்டாங்க. மகள் ஓக்லாண்டுல வேலை பாக்குறாங்க, வாரத்துல ரெண்டு நாள் வந்துட்டுப் போவாங்க. அவரைப் பாக்குறப்ப எல்லாம் கோவில்பட்டியில தனியா இருக்குற எங்க ஆச்சி ஞாபகம்தான் வரும். ஆச்சி கதையைக் கடைசியில சொல்றேன்.

தாத்தாவுக்கு வாரத்துல மூணு நாள் காலையில எட்டரை மணிக்கு ஒரு வெள்ளை வேன் வரும். டிரைவர் படியேறி வந்து கதவைத் தட்டி, தாத்தா கோட்டு போடுற வரைக்கும் நின்னு, கையைப் பிடிச்சு இறக்கிக் கூட்டிட்டுப் போவார். சாயங்காலம் அதே மாதிரி கொண்டு வந்து விடுவார். முதியோர் சங்கம், சீட்டு விளையாட்டு, அந்த மாதிரி ஏதோன்னு நான் நினைச்சுட்டு இருந்தேன்.

ஒரு நாள் காலையில அந்த டிரைவர் என்னைப் படியிலயே நிறுத்திக் கேட்டார். "நீங்க மேல் வீடுதானே? இந்த வாரம் இவர் ஒவ்வொரு படியிலயும் நின்னு நின்னு இறங்குறார். கைப்பிடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிறார். போன வாரம் இப்படி இல்ல. நீங்க எதுவும் கவனிச்சீங்களா?" நான் கவனிக்கல. தினமும் அதே படியிலதான் காதுல ஹெட்போனோட ஏறி இறங்குறேன்.

நாலு நாள் கழிச்சு அவரோட மகளைப் பார்த்தப்ப விஷயம் தெரிஞ்சுது. டிரைவர் அன்னைக்குக் காலை மீட்டிங்லயே சொல்லியிருக்கார். அன்னைக்கே டாக்டர் தாத்தாவை உக்கார வச்சும் நிக்க வச்சும் பிபி பார்த்திருக்காங்க. புதுசா மாத்தின பிபி மாத்திரையால எழுந்து நிக்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி தலை சுத்தியிருக்கு. மாத்திரையைக் குறைச்சுட்டாங்க. விஷயம் அவ்வளவுதான். ஆனா யாரும் பாக்காம விட்டிருந்தா, அந்தப் படியில உருண்டு இடுப்பெலும்பு முறிஞ்சு, அந்த வயசுல அதுக்கப்புறம் என்ன ஆகியிருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

எனக்கு ஆச்சரியமா இருந்தது ஒரே ஒரு விஷயம்தான். டிரைவர் மீட்டிங்ல சொன்னாரா? வேன் ஓட்டுறவருக்கு டாக்டர் மீட்டிங்ல என்ன வேலை?

அந்தக் கேள்விதான் என்னைத் தோண்ட வச்சுது. தோண்டினா அது 1882 வரைக்கும் போச்சு.

*

முதல்ல திட்டத்தைப் பத்தி சுருக்கமா. பேர் பேஸ். விரிச்சா 'ப்ரோக்ராம் ஆஃப் ஆல் இன்க்ளூசிவ் கேர் ஃபார் தி எல்டர்லி'. டாக்டர், மாத்திரை, பிசியோதெரபி, பல், கண், காது மிஷின், பகல் நேர மையம், மதியச் சாப்பாடு, வீட்டுக்கு வந்து குளிப்பாட்டி விடுற உதவி ஆள், வேன், ஆஸ்பத்திரியில சேர்க்கவேண்டி வந்தா அது, எல்லாமே ஒரே இடத்தோட பொறுப்பு. வயசானவர் நர்சிங் ஹோமுக்குப் போகாம தன் வீட்டுலயே இருக்கணும்ங்கறதுதான் நோக்கம்.

இங்க ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊர்ல நர்சிங் ஹோம்னா பிரசவம் பாக்குற, குடல்வால் ஆபரேஷன் பண்ற சின்ன தனியார் ஆஸ்பத்திரி. அமெரிக்காவுல நர்சிங் ஹோம்னா தானா எழுந்து நடமாட முடியாத வயசானவங்க போய்ச் சேர்ற இடம். பெரும்பாலும் அங்கேயே கடைசி வரைக்கும் இருந்துடுறவங்க நிறைய.

இந்த பேஸ் திட்டம் பிறந்த இடம், என் வீட்டுல இருந்து பஸ் ஏறினா போய்ச் சேர்ற சைனா டவுன். ஏன் அங்க பிறந்துச்சு? இதுக்கு நான் முதல்ல ஊகிச்ச பதில்: "சீனர்கள் நம்மள மாதிரி, பெரியவங்களை மதிக்கிறவங்க, அதனால இப்படி ஒரு திட்டத்தை யோசிச்சிருப்பாங்க." படிக்கப் படிக்க அது தப்புன்னு புரிஞ்சுது. குடும்பப் பாசத்தால பிறந்த திட்டம் இல்ல இது. குடும்பமே இல்லாமப் போனவங்க நடுவுல பிறந்த திட்டம்.

*

தங்கம் தேடியும், ரயில் பாதை போடவும் சீனாவுல இருந்து ஆண்கள் கலிஃபோர்னியாவுக்கு வந்தாங்க. கொஞ்ச காலம் சம்பாதிச்சு ஊருக்குப் போறதுதான் பல பேரோட திட்டம். (நம்ம ஆளுங்க "ரெண்டே வருஷம் ஆன்சைட்"னு சொல்ற மாதிரி.) 1875-ல் வந்த பேஜ் சட்டம் நடைமுறையில சீனப் பெண்கள் வருவதைத் தடுத்தது. 1882-ல் வந்த சீனர் விலக்குச் சட்டம் சீனக் கூலித் தொழிலாளர்கள் வருவதையே தடை செய்தது. முதல்ல பத்து வருஷத்துக்குன்னு போட்ட தடை, அப்புறம் நிரந்தரமாச்சு. ஏற்கெனவே இங்க இருந்த தொழிலாளி தன் மனைவியைக் கூட்டி வர முடியாது. இங்கேயே வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கவும் முடியாது, கலிஃபோர்னியாவில் அதற்கும் தடை. 1948-ல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாதுன்னு சொல்ற வரைக்கும் அந்தத் தடை இருந்தது.

விளைவு என்னன்னு 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தாலே தெரியும். அமெரிக்காவில் இருந்த சீனர்களில் ஆண்கள் 1,03,620. பெண்கள் 3,868. ஒரு பெண்ணுக்குக் கிட்டத்தட்ட 27 ஆண்கள்.

1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் சான் ஃபிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிஞ்சு போச்சு. அதுல ஒரு சந்து கிடைச்சுது. "நான் இங்க பிறந்தவன், இன்னார் என் மகன்" என்று காகிதத்தில் மகன்களை உருவாக்கிக் கூட்டி வந்தாங்க. காகித மகன்கள்னே அவங்களுக்குப் பேர். 1910-ல் இருந்து 1940 வரைக்கும் அப்படி வந்தவங்களை விரிகுடாவுக்குள்ள இருக்குற ஏஞ்சல் தீவுல அடைச்சு வச்சுக் குடைஞ்சு குடைஞ்சு விசாரிச்சாங்க. உங்க வீட்டு வாசலுக்கு எத்தனை படி, பக்கத்து வீட்டுக்காரர் பேர் என்ன, இப்படி. உள்ளே வந்தவர் சாகுற வரைக்கும் தன் சொந்தப் பேரைச் சொல்லப் பயந்து வாழணும்.

விலக்குச் சட்டம் 1943-ல் ரத்தாச்சு. ஆனா வருஷத்துக்கு 105 பேருக்குத்தான் அனுமதி. 105 ஆயிரம் இல்லைங்க, வெறும் 105. கதவு ஒழுங்கா திறந்தது 1965 குடியேற்றச் சட்டத்துக்கு அப்புறம்தான்.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. 1910-களிலும் 20-களிலும் இருபது வயசுப் பையனா வந்தவங்களுக்கு 1970-ல் அறுபதுல இருந்து எண்பது வயசு. சைனா டவுன்லயும் பக்கத்துத் தெருக்கள்லயும் ஒத்தை அறை விடுதிகள்ல, கட்டிலும் ஒரு மேசையும் மட்டுமே கொள்ளுற அறைகள்ல இருந்தாங்க. சமையலறையும் கழிப்பறையும் பொது. மேல் மாடிக்கு லிஃப்ட் கிடையாது. மனைவி, பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம், இல்லேன்னா கல்யாணமே ஆகல. 1965-க்கு அப்புறம் குடும்பத்தோட வந்தவங்க வீட்டுலயும் நிலைமை பெருசா வேற இல்ல. அம்மா தையல் கடையில, அப்பா ஹோட்டல் சமையல்கட்டுல. பகல்ல தாத்தா பாட்டியைப் பாக்க ஆள் ஏது?

அந்த விடுதிகளுக்கும் ஆபத்து வந்தது. 1977 ஆகஸ்ட் 4 அதிகாலையில, கியர்னி தெருவில் இருந்த இன்டர்நேஷனல் ஹோட்டல்ல இருந்து வயசான ஃபிலிப்பினோ, சீனக் குடித்தனக்காரர்களைப் போலீஸ் வெளியேத்தினாங்க. ஆயிரக்கணக்கான பேர் கைகோத்துச் சுத்தி நின்னும் தடுக்க முடியல.

*

இந்தப் பின்னணியில, 1970-களின் தொடக்கத்துல சைனா டவுன், நார்த் பீச் பகுதி மக்கள் ஒரு குழுவாக் கூடினாங்க. வில்லியம் கீ என்கிற பொதுச் சுகாதாரப் பல் டாக்டர் அதுக்கு முன்னால நின்னார். அவங்க முதல்ல நினைச்சது, "நம்ம பகுதியில ஒரு நர்சிங் ஹோம் கட்டணும்." தூரத்துல இருக்குற நர்சிங் ஹோம்ல பாஷை தெரியாது, சோறு கிடைக்காது, பார்க்க யாரும் வர முடியாது. நியாயமான யோசனைதான்.

இதை ஆராய 1971-ல் மேரி லூயிஸ் ஆன்சாக் என்ற சமூகப் பணியாளரை வேலைக்கு எடுத்தாங்க. சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். அவர் ஆராய்ஞ்சுட்டு சொன்ன பதில்: நர்சிங் ஹோம் வேண்டாம். கட்டுறதுக்கும் நடத்துறதுக்கும் பணம் கட்டுபடியாகாது, இந்த மக்களோட வாழ்க்கை முறைக்கும் அது ஒத்து வராது.

இந்த இடத்துல நான் கொஞ்ச நேரம் நின்னுட்டேன். கிளையண்ட் ஒண்ணு கேக்குறார். ஆராய்ச்சி பண்ண வந்தவர், நீங்க கேக்குறது உங்களுக்குத் தேவையானது இல்லைங்கறார். நம்ம துறையில இதைச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் இருக்கு?

ஆன்சாக் எடுத்துக்கிட்ட மாதிரி இங்கிலாந்துல இருந்து வந்தது. அங்க 1935-ல் மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டர், லண்டனுக்கு மேற்கே ஓர் ஏழைகள் விடுதியின் 700-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குப் பொறுப்பேற்றார். "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று வருஷக்கணக்கா படுக்கையில போட்டு வச்சிருந்தவங்க. ஒவ்வொருத்தரையும் சோதிச்சு, நடக்க வச்சு, பல பேரை வீட்டுக்கே அனுப்பினார். முதியோர் மருத்துவம்ங்கற துறைக்கே அவர்தான் தாய்னு சொல்வாங்க. அவருக்குப் பின்னால் லயனல் காசின் என்ற டாக்டர் 1950-களில் ஆக்ஸ்ஃபோர்டு கௌலி ரோடு மருத்துவமனையில் முதியோருக்கான பகல்நேர மருத்துவமனையைத் தொடங்கினார். காலையில வந்து சிகிச்சை, பயிற்சி, சாப்பாடு முடிச்சு, ராத்திரி தன் படுக்கையில போய்த் தூங்கலாம்.

ராத்திரி தன் படுக்கை. இந்த ஒரு விஷயத்தை ஆன்சாக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார்.

1973-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மையம் திறந்தாங்க. அமெரிக்காவின் முதல் முதியோர் பகல்நேர மையங்கள்ல அதுவும் ஒண்ணு. பேர் ஆன் லோக். கான்டனீஸ் மொழியில அமைதியும் மகிழ்ச்சியுமான இருப்பிடம்னு அர்த்தம். 1974-ல் இருந்து அரசின் மெடிக்எய்ட் நிதி வர ஆரம்பிச்சுது. அப்புறம் வீட்டுக்குப் போய் உதவி, வீட்டுக்கே சாப்பாடு, தங்க இடம் தேடித் தர்றது என்று ஒவ்வொண்ணாச் சேர்ந்தது. 1978-ல் முழு மருத்துவமும் உள்ளே வந்தது.

*

இதுவரைக்கும் நல்ல மனசு. இனிமே பணம்.

அமெரிக்காவில் 1965 ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்டு ரெண்டு திட்டம் வந்தது. 65 வயசு ஆனவங்களுக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிக்எய்ட். ரெண்டுமே செஞ்ச வேலைக்கு பில் போடுற முறையிலதான் ஆரம்பிச்சது. டாக்டர் பாத்தா ஒரு பில், எக்ஸ்ரே எடுத்தா ஒரு பில். கீழே விழுந்து இடுப்பு உடைஞ்சா பெரிய பில், கட்டிருவாங்க. ஆனா விழாம இருக்க குளியலறையில ஒரு கைப்பிடிக் கம்பி வைக்கணும்னா அதுக்கு பில் போட வழியில்ல.

இன்னொரு கொடுமை. மெடிகேர் நர்சிங் ஹோமுக்குக் கொடுப்பது ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பின் அதிகபட்சம் 100 நாள்தான். அதுக்கு மேல சேமிப்பை எல்லாம் கரைச்சு, ஏழையான பிறகுதான் மெடிக்எய்ட் வரும். அதுவும் நர்சிங் ஹோமுக்குக் கொடுக்கணும்ங்கறது கட்டாயம். வீட்டுலயே வச்சுப் பாத்துக்கறதுக்கான உதவிகள் பெரும்பாலும் அந்தந்த மாநிலத்தோட விருப்பம். ஆக, சட்டமே முதியவரை வீட்டைவிட்டு வெளியே தள்ளுது.

ஆன் லோக் இங்கதான் சாமர்த்தியமா ஒண்ணு பண்ணினாங்க. நம்ம ஆளுங்களுக்கு ஒரே வரியில புரியும். டைம் அண்ட் மெட்டீரியல் பில்லிங்ல இருந்து ஃபிக்ஸ்டு பிட்டுக்கு மாறினாங்க. ஒவ்வொருத்தருக்கும் மாசம் இவ்வளவுன்னு ஒரே தொகையைக் கொடுத்துடுங்க, அவருக்கு என்ன ஆனாலும் எங்க செலவு. ஆஸ்பத்திரியில சேர்ந்தாலும் எங்க தலையில, நர்சிங் ஹோம் போனாலும் எங்க தலையில. இந்த ஒருங்கிணைந்த மாதிரியை உருவாக்க 1979-ல் மத்திய அரசு நாலு வருஷ நிதி கொடுத்தது. 1983-ல் மாதத் தொகை முறை சோதனையா ஆரம்பிச்சுது, முழு ரிஸ்க்கும் ஆன் லோக் தலையில.

ஃபிக்ஸ்டு பிட் ப்ராஜெக்ட் பண்ணினவங்களுக்குத் தெரியும். பக் வந்தா நம்ம காசு. அதனால வர்றதுக்கு முன்னாடியே பிடிக்கப் பார்ப்போம். இங்கயும் அதேதான். குளியலறைக் கம்பி வைக்கிறது இப்ப லாபம். வழுக்காத செருப்பு வாங்கிக் கொடுக்குறது லாபம். ஒருத்தர் படியில நின்னு நின்னு இறங்குறார்னு டிரைவர் கவனிக்கிறது பெரிய லாபம்.

என் கேள்விக்குப் பதில் இங்கதான் கிடைச்சுது. 1999-ல் மத்திய அரசு வெளியிட்ட பேஸ் விதிமுறையில, ஒவ்வொரு முதியவருக்கும் பொறுப்பான குழுவில் யார் யார் இருக்கணும்னு ஒரு பட்டியல் இருக்கு. டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர், பிசியோதெரபிஸ்ட், தொழில்வழி சிகிச்சையாளர், பொழுதுபோக்கு ஏற்பாடு பண்றவர், உணவு நிபுணர், மைய மேலாளர், வீட்டு உதவியை ஒருங்கிணைக்கிறவர், குளிப்பாட்டி உடை மாத்தி விடுற உதவியாளர். பதினோராவதா, டிரைவர். சட்டப்படியே அவருக்கு அந்தக் குழுவில இடம் உண்டு.

யோசிச்சுப் பார்த்தா நியாயம்தானே? டாக்டர் தாத்தாவை அவர் அறையில, நாற்காலியில உக்கார்ந்தபடி பாக்குறார். வீட்டுப் படியை, பூட்டின கதவை, அடுப்படியில இருந்து வர்ற தீஞ்ச வாசனையை தினமும் பாக்குறது டிரைவர்தான்.

*

அப்புறம் வேகமா வளர்ந்துச்சுன்னு சொல்லத்தான் ஆசை. நடந்தது ஆமை வேகம். 1986-ல் இன்னும் 10 இடங்கள்ல இதே மாதிரி முயற்சி பண்ண மத்திய அரசு அனுமதிச்சுது. 1990-ல் அந்த இடங்களுக்கு மெடிகேர், மெடிக்எய்ட் ரெண்டு பணமும் கிடைக்க ஆரம்பிச்சுது. கிழக்கு பாஸ்டன், போர்ட்லேண்ட் மாதிரி ஊர்கள் முதல் வரிசை. 1997 ஆகஸ்ட் 5-ல் கிளின்டன் கையெழுத்திட்ட பட்ஜெட் சட்டத்தில்தான் சோதனை என்ற அடைமொழி போய் நிரந்தரத் திட்டமாச்சு. ஆன்சாக் வேலைக்குச் சேர்ந்து 26 வருஷம்.

2024-ல் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள்ல 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க இதுல இருந்தாங்க. அமெரிக்கா சைஸுக்கு இது கடுகு. இவ்வளவு நல்ல திட்டம்னா ஏன் இவ்வளவு கம்மி?

ஒரு காரணத்தைக் கீழ் வீட்டுத் தாத்தாவோட மகளே சொன்னாங்க. சேர நாலு தகுதி வேணும். 55 வயசு ஆகியிருக்கணும். அந்த மையத்தோட எல்லைக்குள்ள வீடு இருக்கணும். நர்சிங் ஹோம்ல சேர்க்குற அளவுக்கு உடம்பு முடியலன்னு மாநில அரசு சான்று கொடுக்கணும். அதே சமயம், சேரும்போது வீட்டுல பாதுகாப்பா இருக்க முடியும்னும் இருக்கணும். குழு வீட்டுக்கே வந்து பார்த்துக் கேள்வி கேட்டு முடிவு பண்ணுவாங்க. கையெழுத்துப் போட்டா அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியில இருந்து அமல். பிடிக்கலேன்னா எப்ப வேணா விலகலாம்.

தாத்தா இதுக்கெல்லாம் தயங்கல. அவர் மாசக்கணக்கா இழுத்தடிச்சது வேற ஒண்ணுக்கு. சேர்ந்த நாள்ல இருந்து எல்லா வைத்தியமும் இவங்க மூலமாத்தான். அவருக்கு இருபது வருஷப் பழக்கமான ஒரு டாக்டர் உண்டு. அவரோட கிராமத்துப் பேச்சுலயே பேசுறவர், பாட்டி கடைசி நாள்ல பக்கத்துல நின்னவர். அவரை விட்டுடணும். "உன்னைப் பாத்துக்க பதினோரு பேர் வர்றாங்கப்பா"ன்னு மகள் சொன்னதுக்கு, "எனக்கு அந்த ஒருத்தர் போதும்"னு சொல்லியிருக்கார். ரெண்டு தடவை கீழே விழுந்ததுக்கு அப்புறம்தான் கையெழுத்து. "அன்னைக்கு அவர் அழுதாரு"ன்னு அவங்க சொன்னப்ப எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

எல்லாம் ஒரே கூரைன்னு பெருமையா சொல்ற திட்டத்துக்கு இதுதான் விலை. விளம்பரத்துல இதெல்லாம் பெருசா வராது.

ரெண்டாவது விலை பணம். மெடிகேரும் மெடிக்எய்ட்டும் ரெண்டும் இருந்தா பெரும்பாலும் கையை விட்டு ஒண்ணும் போகாது. மெடிகேர் மட்டும் இருக்குற நடுத்தர வர்க்கத்து ஆள், மெடிக்எய்ட் பங்கைத் தானே மாசாமாசம் கட்டணும். அது பல ஆயிரம் டாலர். ஏழையும் சேரலாம், பணக்காரரும் சேரலாம். நடுவுல இருக்குறவங்க வழக்கம்போல வேடிக்கை பாக்கலாம்.

மூணாவது, ஃபிக்ஸ்டு பிட்டுக்கே உள்ள நோய். செலவைக் குறைக்க ரெண்டு வழி. ஒண்ணு, பிரச்சனை வராமப் பாத்துக்கறது. இன்னொண்ணு, பிரச்சனையைக் கண்டுக்காம விடறது. முதல்ல லாப நோக்கில்லாத அமைப்புகளுக்குத்தான் இது. 2015-ல் லாப நோக்கு நிறுவனங்களுக்கும் கதவு முழுசாத் திறந்தது. 2021-ல் அப்படி ஒரு நிறுவனத்தின் கலிஃபோர்னியா, கொலராடோ மையங்கள்ல கவனிப்புக் குறைபாடு இருக்குன்னு அரசு புதுச் சேர்க்கையையே நிறுத்தி வச்சுது. அதே விதிமுறை, அதே பதினோரு நாற்காலி. நாற்காலி போட்டா மட்டும் போதாது, உக்கார்ந்து பேசுறவர் சொல்றதைக் கேக்கவும் ஆள் வேணும்.

*

சரி, ஆச்சி கதை.

போன வருஷம் ஆச்சிக்கு சர்க்கரை ஏறி ரெண்டு வாரம் தள்ளாடியிருக்காங்க. எங்க யாருக்கும் தெரியாது. போன்ல கேட்டா "எனக்கென்னய்யா, நல்லாத்தான இருக்கேன்"னுதான் சொல்வாங்க. அப்பா அம்மா சென்னையில. தற்செயலா ஊருக்குப் போன அம்மாகிட்ட பால்காரர் அண்ணாச்சி சொல்லியிருக்கார். "பத்து நாளா ஆச்சி கதவு தொறக்க லேட்டாகுது. செம்பைப் பிடிக்கிற கை நடுங்குது. யார்ட்ட சொல்றதுன்னு தெரியல தாயி."

யார்ட்ட சொல்றதுன்னு தெரியல. இந்த வரலாறு பூரா படிச்சதுல எனக்கு மிஞ்சினது இதுதான். கவனிக்கிற ஆள் எல்லா ஊர்லயும் இருக்கார். சான் ஃபிரான்சிஸ்கோவுல வேன் டிரைவர், கோவில்பட்டியில பால்காரர். அங்க அவர் சொல்றதுக்கு ஒரு இடம் இருக்கு, கேட்டு உடனே செய்ய ஒரு டாக்டர் இருக்கார், செய்யாட்டி நஷ்டமாகுற ஒரு கணக்கும் இருக்கு. இங்க நம்மகிட்ட இருந்தது "நம்ம குடும்பத்துல பெரியவங்களை நாங்கதான் பாத்துப்போம்"ங்கற பெருமை மட்டும்தான்.

அந்த சைனா டவுன் தாத்தாக்களுக்குக் குடும்பத்தோட இருக்க முடியாம ஒரு சட்டம் குறுக்க நின்னுது. எனக்கு எந்தச் சட்டமும் குறுக்க நிக்கல. டிக்கெட் போட்டா ஒன்றரை நாள்ல கோவில்பட்டி.

கோவில்பட்டியில பேஸ் ஆரம்பிக்கப் போறேன்னெல்லாம் பீலா விட மாட்டேன். ஒண்ணே ஒண்ணு பண்ணினேன். போன ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட பால்கார அண்ணாச்சி நம்பர் வாங்கிப் பேசினேன். என் நம்பர், அப்பா நம்பர், ஆச்சி வழக்கமா பாக்குற டாக்டர் கிளினிக் நம்பர் மூணையும் கொடுத்தேன்.

"எதுக்கு தம்பி இவ்வளவு நம்பரு?"ன்னார்.

"நீங்க என்ன பாத்தாலும் சொல்லுங்க அண்ணாச்சி. சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல."

கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு சொன்னார். "அப்போ ஒண்ணு சொல்லவா? வாசப்படி ரெண்டாவது கல்லு ஆடுது. ரெண்டு மாசமா சொல்லணும்னு நினைச்சேன்."

கொத்தனார் செவ்வாய்க்கிழமை வந்து பூசிட்டுப் போனார்.

பி.கு: உங்க வீட்டுப் பெரியவங்க வாசலுக்கு தினமும் வர்றது யாரு, அவங்ககிட்ட யாரோட நம்பர் இருக்கு? பின்னூட்டத்துல சொல்லுங்க. கும்மி அடிக்கிறவங்களும் சொல்லிட்டு அடிக்கலாம் :-)